ஆளுக்கு நூறு

படிவத்தில் நாலாவது கட்டம்:
காயத்தின் தன்மை.
முப்பிடாதி வலக்கையை மேசைமேல் வைத்தாள்,
கடையில் எடைபோட வைப்பதுபோல.
ஆட்காட்டி விரல் தன் திசையை மறந்திருந்தது.

"கதவுல நசுங்கிட்டு."

நான் எழுதவில்லை.
பேனாவை மூடி வைத்தேன்.
முக்கூடல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
இன்னொன்றும் போனது.
"கதவுக்குப் பேரு சுடலைக்கண்ணு" என்றாள் பிறகு.

பாஸ்புக் யார் கையில்,
பிள்ளையின் டி.சி. யார் கேட்டால் தருவார்கள்,
ராத்திரி ஓட வேண்டி வந்தால்
செருப்பு எந்தப் பக்கம் கிடக்கும்
எல்லாம் கேட்டேன்.
இத்தனை வருசம் ஏன் இருந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை.
அதைக் கேட்க ஊரே இருக்கிறது
கூலியில்லாமல்.

எலும்பைவிடக் கணக்குதான் அவளுக்கு வலித்தது.
"இந்த விரலு இல்லாம இலையை எப்பிடி மடக்க?
ஆறு வாரம் கட்டு அவுக்கக் கூடாதுங்காவ.
ஆறு வாரம் பாஸ்புக்கு வெறுமையாக் கிடந்தா
கம்பெனில பேரை அடிச்சிருவாம்லா.
பேரு போனா பி.எஃப். போச்சு.
பி.எஃப். போனா அவன் சொன்னது நெசமாயிரும்.
வாசலைத் தாண்டினா ஒனக்குப் பீடித்தூளுகூட மிஞ்சாதுன்னான்."

கொக்கிரகுளத்தில் மனு கொடுத்தாயிற்று.
மகளிர் காவல் நிலையத்தில் ரசீது.
அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வாய்தா.
அந்தத் தாள்கள் எதிலும்
பீடி என்ற சொல் இல்லை.

தெருவுக்குச் சொன்னது நானல்ல,
விரலே சொல்லிவிட்டது.
சங்கக் கூட்டத்தில் மரியபுஷ்பம்
மடியிலிருந்த தட்டை இறக்காமலே கேட்டாள்:
"அவ கணக்கு நாளைக்கு எத்தன?"
ஆயிரம்.
"நாம எத்தன பேரு?"
பத்து.
"பிறவு என்னட்டி, ஆளுக்கு நூறு."

ஆவுடைத்தங்கம் எழுந்து போய்விட்டாள்.
சுடலைக்கண்ணுவின் கூடப்பிறந்தவள்.
போகட்டும் என்றது கூட்டம்.
ஒன்பது பேருக்கு நூற்றைப் பிரிக்கத் தெரியாமல்
கொஞ்சநேரம் சிரித்தார்கள்.

முப்பிடாதி பேருக்கு வாங்கிய இலை
ஒன்பது முற்றங்களில் நனைந்தது.
ஐந்தாம் நாள் எண்ணும்போது நாலு கட்டு கூடுதல்.
முடிச்சு இடப்பக்கம் விழுந்திருந்தது.
அந்தத் தெருவில் இடக்கைக்காரி ஒருத்திதான்.
யாரும் பேர் சொல்லவில்லை.
அதே ஆவுடைத்தங்கம் கோர்ட்டில்
ஒன்றும் பார்க்கலை என்றாள்.
மறுநாளும் நாலு கட்டு வந்தது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

நாலாவது வாரம் முப்பிடாதி திரும்பிப் போனாள்.
பிள்ளைக்குக் காய்ச்சல், அவன் வந்து அழுதான்,
மாமியார் சத்தியம் பண்ணினாள்.
ஃபைலை முடித்துவிடலாமே என்றார் மேலே இருப்பவர்.
"எழுத வேண்டியது இன்னும் இருக்கு சார்" என்றேன்.
நம்பிச் சொன்னேனா, பிடிவாதமா,
இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் அவர்களிடம் போனேன்.
இனி சுத்தணுமா என்று கேட்க வாயெடுத்தேன்.
மரியபுஷ்பம் முந்திக்கொண்டாள்:
"எலும்பு கூடிட்டா?"
இல்லை.
"பிறவு என்ன கேள்வி."

பதினோராம் நாள், விடியாத நேரம்.
ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் செருப்பு.
தையல்கடை மஸ்தான் வீட்டில்
நாங்கள் முன்பே வைத்திருந்த பையை
அவர் மனைவி கேட்காமலே எடுத்துத் தந்தாள்.
ரேஷன் கார்டு, இரண்டு சேலை, ஒரு டார்ச்.
பேட்டரி தீர்ந்திருந்தது.
அதை நான் பார்த்திருக்க வேண்டும்.

கட்டு அவிழ்த்த அன்று நாற்பது பீடி சுற்றினாள்.
விரல் பாதிதான் மடங்குகிறது.
முனைகள் வாய் பிளந்து கிடந்தன.
கடைக்காரன் அதில் பதினெட்டைக் கழித்தான்.
"கழிக்கட்டும், என் கழிவுல்லா" என்றாள்.
அன்றைக்கும் பாஸ்புக்கில் ஆயிரம் ஏறியது.

வாய்தா பதினேழாம் தேதி.
கதவும் வரும்.
காலை ஏழே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது,
எங்களோடு இன்னும் மூன்று பேர் ஏறுகிறார்கள்.
அவர்கள் யாருக்கும் அன்று கூலி இல்லை.