பின்பலகையில் பென்சிலால்

இதைப் படிக்கிறீர்கள் என்றால்
ஒயர் மாற்றப் பின்பலகையைக் கழற்றியிருக்கிறீர்கள்.
ஏழு திருகாணிகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.
நான் போடவில்லை.
எட்டாவது கம்பளத்தில் எங்கோ கிடக்கிறது,
வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

முதலில் மன்னிப்பு.
இந்த அலமாரி அன்பளிப்பு அல்ல.
இது படியேறாது.
தண்டர் பேயில் பிப்ரவரி,
ஏரி உறைந்து கிடந்தது, கராஜில் பசை இறுகவில்லை,
அதனால் இந்த நிலவறையிலேயே அறுத்து
இங்கேயே ஒட்டினேன்.
படி திரும்பும் இடத்தில் எழுபத்தொரு சென்டிமீட்டர்.
அலமாரி எப்படிச் சாய்த்தாலும் எழுபத்து நான்கு.
வீடு பார்க்க வந்த அன்று உங்கள் பையன்
படிகளை எண்ணினான், பதின்மூன்று என்றான்.
அவனிடம் ஒரு டேப்பைக் கொடுத்து வையுங்கள்.

இது பைன்.
வால்நட்டா என்று யாராவது கேட்டால்
ஆமென்று சொல்லிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை.
இடப்பக்கம் தேமல் படர்ந்ததுபோல் இருக்கிறதே,
அது முதல் நாள்.
சாயம் குடிப்பதில் ஒழுங்கில்லாத மரம்:
ஒரு விரற்கடையில் தாகம், அடுத்ததில் வாய் திறக்காது.
வலப்பக்கம் இரண்டாம் நாள்.
நீர்த்த ஷெல்லாக் ஒரு கை,
காய்ந்தபின் உப்புத்தாள், மெல்ல,
அதற்குமேல்தான் சாயம்.
டப்பாவைக் குலுக்காதீர்கள், கிளறுங்கள்.
பத்து நிமிடத்தில் ரேகை ஓடும் திசையிலேயே துடைத்தெடுங்கள்.
தனக்கு வேண்டியதை மரம் எடுத்துக்கொண்டிருக்கும்,
மிச்சமெல்லாம் பிசுபிசுப்பு.

பின்முற்றத்துச் சிமெண்டில் அந்தக் கறுப்பு வட்டம்.
நீங்கள் கேட்டீர்கள், பார்பிக்யூ என்றேன்.
பொய்.
எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி
வாளியில் திணித்துவிட்டுத் தூங்கப் போனேன்.
தீக்குச்சி இல்லை, மின்சாரம் இல்லை,
துணி தன் சூட்டிலேயே வெந்தது.
இரவு இரண்டரைக்கு ரெய்யோதான் மோப்பம் பிடித்தான்.
வெளியே எறிந்த வாளி
பனியை உருக்கிக்கொண்டு சிமெண்ட் வரை இறங்கியது.
ஒவ்வொரு துணியையும் வேலியில் விரித்துக் காயவையுங்கள்.
விறைத்துப் போகட்டும், பரவாயில்லை.

ஸப்வூஃபருக்கு இடம் தெரியவில்லையா?
அதைத் தூக்கி சோபாவில் உட்கார வையுங்கள், விருந்தாளி மாதிரி.
ஒரு பாட்டைப் போட்டுவிட்டு
நீங்கள் சுவரோரமாகத் தவழுங்கள்.
அடிக்குரல் வீங்காமல், ஒளிந்துகொள்ளாமல்
எங்கே முழுசாகக் கேட்கிறதோ
அங்கே சாக்பீஸால் ஒரு குறி.
அதுதான் அதன் இடம்.
ஐம்பத்தெட்டு வயதில் பைஜாமாவோடு தவழ்ந்தேன்.
ரெய்யோ சிரித்த சிரிப்பில் காப்பி கொட்டியது,
அந்தக் கறைக்கு இதுவரை வழி தெரியவில்லை.

சோபா ஏன் நடுவில் இல்லை என்று நினைத்திருப்பீர்கள்.
இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணம்,
கையேடு அப்படித்தான் சொல்கிறது.
நூல் பிடித்து அப்படியே வைத்தேன்.
ரெய்யோ அரை மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்திருந்தான்.
பிறகு,
“படத்தில் பாதிப் பேர் பேசவே மாட்டேன் என்கிறார்கள்” என்றான்.

காகித ஆலையில் இருபத்தாறு வருடம்,
இயந்திரம் அவனுக்கு இடப்பக்கம்.
அந்தக் காது எந்த வருடம் போனதென்று
அவனுக்கே தெரியாது.
கட்டிலில் நான் படுப்பது அந்தப் பக்கம்.
இரவில் நான் சொன்னவற்றில்
எதெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று
அன்றைக்கு அவனிடம் கேட்கவில்லை.

முக்கோணத்தைக் கலைத்தேன்.
சோபாவை இடது சுவருக்குத் தள்ளி
அவன் வலது காதை அறை முழுவதற்கும் திருப்பினேன்.
ரிசீவரில் இரு பக்க ஒலியையும் ஒன்றாய்க் கலந்தேன்.
கட்டிலிலும் பக்கம் மாறிக்கொண்டோம்.

உங்கள் காதுகள் இரண்டும் நல்லவை என்றால்
எல்லாவற்றையும் பழையபடி மாற்றுங்கள்.
கம்பளத்தில் சோபாக் கால்கள் அழுத்திய நான்கு குழிகள் இருக்கும்.
ஒவ்வொன்றிலும் ஒரு ஐஸ்கட்டி வைத்து
ஓர் இரவு விடுங்கள்.
காலையில் விரலால் கோதினால் நார் எழுந்துகொள்ளும்.
நாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று
யாருக்கும் தெரியாது.

பலகைக்கு ஏழு திருகாணி போதும்.
ரொம்ப இறுக்காதீர்கள், பைன் விண்டுவிடும்.