இருகூர் வால்வு

வெள்ளவத்தைச் சந்தையில் நுஸ்கி நானாவிடம்
"குழாயளை வெட்டாமல் தாங்கோ" என்று
இரண்டுதரம் சொன்னேன்.
"இந்தக் கிழமை டியூசன் புள்ளைகளுக்கே ஆறு போச்சு,
எனக்குத் தெரியாதா மகள்."
ஆட்டிதயத்தைச் சொப்பிங் பேக்கில் போட்டு
முடிச்சிட்டுத் தந்தார்.
காலி வீதியைக் கடக்கையில்
பையின் மூலையில் ஒரு துளி சேர்ந்து
விழவா வேண்டாமா என்று நின்றது.

நான் வாடகைக்கு இருப்பது மரக்கறி வீடு.
கமலாசினி அக்கா முட்டைகூட உள்ளே எடுக்கமாட்டார்.
ஒப்பந்தத் தாளில் அது மூன்றாவது நிபந்தனை.
பிரிஜின் அடித்தட்டில், வெறும் மாஜரீன் பெட்டிக்குள்
தொகுதிப் பெருநாடியை மடித்து வைத்து மூடினேன்.
"படிப்பு. தொடவேண்டாம்."
மூடியில் எழுதியதுதான் பிழை.

சோணையறை, இதயவறை, அரைமதி வால்வு:
பெயர்கள் எனக்கு வரும்.
பக்கம்தான் வராது.
சேர் கரும்பலகையில் இடதை வலதில் கீறுவார்.
"அது உங்கட நெஞ்சில்லை பிள்ளையள்,
உங்களுக்கு முன்னால நிக்கிற ஆளின்ர நெஞ்சு."
நாலு மாதிரி வினாத்தாள்,
நாலிலும் மாற்றிக் குறித்தேன்.
முன்னால் எவரும் நிற்கவில்லை,
மேசை விளக்கும் தட்டிச் சுவரும்தான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் அக்காவின் அறை.
இரவில் அங்கே ஒரு மணிக்கூடு கேட்கும்.
மலிவான மணிக்கூடு என்று நினைத்திருந்தேன்:
அவர் படியேறி வந்த கையோடு விரைந்தோடும்,
விடியப்புறம் பிந்தும்.

செவ்வாய் இரவு குசினியில் லைட் எரிந்தது.
மேசையில் பெட்டி, திறந்தபடி.
துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா.
அறையை விடச் சொல்லப்போகிறார்,
எந்தச் சொந்தக்காரருக்குப் போன் எடுப்பது
என்று யோசித்தபடி நின்றேன்.
"இதில மைட்ரல் எண்டுறது எது?"
"எங்கட புத்தகத்தில அது இருகூர், அக்கா."
"என்ர கிளினிக் கொப்பியில மைட்ரல்."

சோணையறையின் கூரையைக் கத்தரித்தேன்.
ஒரு கோப்பைத் தண்ணீர் வார்த்து
இதயவறையைக் கீழிருந்து பிதுக்க
இரண்டு வெள்ளை இதழ்கள் எழும்பி
ஒன்றையொன்று முட்டி நின்றன.
உள்ளே நூல்நூலாய் நாண்கள்
இழுத்துப் பிடித்தன.
"இவ்வளவு மெல்லிசா?"
குனிந்தார். துவாய் நழுவியது.
"பதினொரு வயசில காய்ச்சல், மூட்டெல்லாம் வீங்கி.
போகேக்க இதைக் கடிச்சிட்டுப் போட்டுது.
இப்ப எனக்குள்ள இருக்கிறது உலோகம்.
பாங்க் கியூவில முன்னுக்கு நிக்கிறவை
திரும்பிப் பார்ப்பினம்."

அப்போதுதான் எனக்கு
மணிக்கூடு எங்கே இருக்கிறதென்று விளங்கியது.

"பிறகு ரத்தம் எங்க போகும்?"
"உடம்பெல்லாம் போய் வலப்பக்கம் வரும்.
சுவாசப்பைக்குப் போய்
திரும்ப இடப்பக்கம்."
"ஒவ்வொரு தரமும் இந்தக் கதவாலயா?"
"ஒவ்வொரு தரமும்."
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.
என் வலக்கைக்கு நேரே அவரின் இடது,
சேர் கீறியபடியே.

மறுநாள் பிரிஜ் முழுக்கத் தேசிக்காய் வாசம்.
மாஜரீன் பெட்டி குப்பையில்.
மூன்றாவது நிபந்தனை இன்னும் மூன்றாவது நிபந்தனைதான்.

பரீட்சையில் கேட்டிருந்தார்கள்:
'லப்' எனும் ஒலி எதனால் உண்டாகிறது?
இரண்டு புள்ளி, இரண்டு கோடு.
கூர்வால்வுகள் மூடுவதால் என்று எழுதினேன்.
சிலருக்கு அது லப் இல்லை என்பதற்குக்
கோடு விடவில்லை.

இரவில் கடற்கரைத் தண்டவாளத்தில்
கடைசி ரயில் யன்னலை உலுக்கிப் போகையில்
வேறெதுவும் கேட்காது.
அது தெஹிவளையைத் தாண்டட்டும் என்று
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
கடல் கொஞ்சம்.
ஒரு திறீவீலர்.
பிறகு, தட்டிக்கு அந்தப் பக்கம்.