நாற்பத்து மூன்று திர்ஹாம் காற்று

முதலில் ஃபாக் லைட்டைக் கழற்றினோம்.
ஷார்ஜாவில் மூடுபனி வருஷத்துக்கு நாலு காலை,
அதற்காக ஒரு நல்ல ஓட்டையை
அடைத்து வைப்பானேன் என்றான் சூசைமிக்கேல்.

காரில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
ஊருக்குப் போன லெபனான்காரன் ஒருவனிடம்
பதினொன்றாயிரத்துக்கு வாங்கியது.
எந்தப் பாதி எவனுக்கு என்று பேசிக்கொள்ளவில்லை;
டர்போ இருக்கும் பாதியை
இருவருமே எடுத்துக்கொண்டோம்.

எனக்கு டக்ட் வேலை.
அடுத்தவர் படுக்கையறைக்குக் குளிர் கொண்டுபோகும்
தகரக் குடலுக்குள் தவழ்ந்து
மூட்டு மூட்டாய் ஒட்டிக்கொண்டு வருவது.
அதனால் பானெட்டைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது:
இந்த எஞ்சின் தன் புழுக்கத்தையே
திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது.
ரேடியேட்டருக்குப் பின்னால் கொண்டுபோய்
மூக்கை வைத்தவன் யார்?
சோறு கொதிக்கும் பானைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு
ஓடு என்றால் எவன் ஓடுவான்?

கடையில் ஆயிரத்து எண்ணூறு சொன்னார்கள்.
கார்பன் பெட்டி. ஸ்டிக்கர் இலவசம்.
நாங்கள் ஸ்டிக்கரை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு
வெளியே வந்தோம்.

துணி உலர்த்தும் மெஷினின் நெளிகுழாய், பன்னிரண்டு.
கேக் சுடும் தட்டு ஏழு;
அதை வளைத்து டர்போவுக்கும் குழாய்க்கும் நடுவே
சுவராக நிறுத்தினோம்.
கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் பதினைந்து.
க்ளாம்புக்குக் காசு வேண்டாம் என்றார் குல் ஜமான்,
செத்த லாரியிலிருந்து பிடுங்கித் தந்தார்.
அலுமினிய டேப் என் கம்பெனியுடையது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை,
பாவத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மணலுக்கு என்ன செய்வது?
பெண்கள் காலில் போடும் மெல்லிய உறை போதும் என்று
சூசை எங்கேயோ கேட்டு வந்தான்.
ரோலாவில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை,
கிரீஸ் ஏறிய நகங்களோடு இரண்டு ஆண்கள்.
அளவு என்ன என்றாள் கடைப்பெண்.
சூசை விரல்களை வளைத்து
மூன்று அங்குல வட்டம் காட்டினான்.
குழந்தைக்கா?
ஆமாம் என்றேன்.
ஒன்பது திர்ஹாம்.

மலீஹா சாலை, இரவு இரண்டு மணி.
வெளியே முப்பத்தெட்டு.
நேற்றுவரை எழுபத்தொன்று காட்டிய முள்
ஐம்பத்திரண்டில் வந்து நின்றது.
இந்த ஊரில் அதற்குப் பெயர் குளிர்காற்று.
சைபரிலிருந்து நூறுக்கு
எட்டு புள்ளி ஒன்பது, எட்டு புள்ளி ஏழானது.
அந்தப் புள்ளி இரண்டு
காருடையதா, போனை அழுத்திய என் கட்டைவிரலுடையதா,
நான் அவனிடம் சொல்லவில்லை.
அவன் மணியைப் பார்க்கவே இல்லை.
மிதியிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம்
ப்ஸ்ஸ்ஹ் என்றது கார்,
நீளக் கதை கேட்டு அலுத்துப்போன சித்தியைப்போல.
அதைக் கேட்பதற்காகவே
மிதித்தான், விட்டான், மிதித்தான்.
ஒட்டகங்களுக்கான வேலி தாண்டித்
திரும்பும் இடம்வரை இதேதான்.

நவம்பரில் பாசிங்.
அதற்குள் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து
கம்பெனியில் பிறந்த மேனிக்குக் காட்ட வேண்டும்.
ஃபாக் லைட் என் கட்டிலடியில் இருக்கிறது,
ஊருக்கு அனுப்பாத பால்பவுடர் டின்னுக்குப் பக்கத்தில்.

புதன்கிழமை ஷமால் கிளம்பியது.
மூன்று நாள், எதிரே போகும் பஸ்ஸின் நிறம் தெரியவில்லை.
நாலாம் நாள் குழாயின் வாயைத் திறந்து
உறையை மெல்ல உருவினேன்.
குதிகால் இருந்தது. விரல்களின் பக்கம் கனத்தது.
பாலைவனம் தன் ஒரு காலை
உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறது.

அலசி, கேம்ப் கொடியில் காயப்போட்டோம்.
இருபது நீலச் சட்டைகளுக்கு நடுவே அது மட்டும்.
கேம்ப் பாஸ் வந்து நின்றார்.
யாருடையது இது?
காருடையது என்றான் சூசை.
ஒருவரும் சிரிக்கவில்லை.
காற்று மட்டும் அதற்குள் புகுந்து
முழங்கால்வரை நிரப்பிப் பார்த்தது.