இங்கிட்டிருந்து அங்கிட்டு

வாடிப்பட்டி நாலுவழிச் சாலை. எடைமேடை. இரவு ஒன்றரை மணி.
மேடைமேல் தேங்காய் லாரி.
என்ஜினை அணைத்துவிட்டு ஒச்சப்பன் பீடி பற்றவைக்கிறார்.
திரையில் 14,360 உறைந்து நிற்கிறது.

இந்த மென்பொருளை எழுதிய ஆள் கோயம்புத்தூர் போனார்,
நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.
அது ஓடிய கம்ப்யூட்டர் ஐப்பசி இடியில் கருகியது,
பிரிண்டரும் கூடவே.
இப்போது இருப்பது லினக்ஸ். மேலே ஓர் அடுக்கு,
விண்டோஸ் மாதிரியே பேசும்.
புரோகிராமுக்கு வீடு மாறியதே தெரியாது.
சி டிரைவ் எங்கே என்று கேட்கும், இந்தா என்பார்கள்.
எரிந்துபோன பிரிண்டர் "அடிச்சாச்சு" என்று சொல்ல
காத்துக்கொண்டிருக்கிறது.

மூடித் திறக்கலாம்.
திறந்தால் வெறும் வண்டியாக எடுத்த முதல் எடை போய்விடும்.
சோழவந்தானில் ஏற்றிய அத்தனை தேங்காயையும்
இறக்கவேண்டும், இந்நேரத்துக்கு.

ஆகவே ஓடும்போதே உள்ளே ஆள் அனுப்பவேண்டும்.
நாற்பது வரி எழுதினேன்.
பிரிண்டர் சரி என்றது என்று சொல்ல மட்டும் தெரிந்த நாற்பது வரி.

"கூடு விட்டுக் கூடு பாயுறியாக்கும்" என்கிறார் சோலைராசு அண்ணன்.
இல்லண்ணே, நான் என் கூட்டுலயேதான் இருக்கேன்.
இங்கிட்டு உள்ளது அங்கிட்டு கால் வைக்க முடியாது.
நடுவில் ஒரு சர்வர். அதனிடம் சொல்லலாம், அவ்வளவுதான்.
அது போய் அந்தப் புராசஸுக்குள்
தூங்கும் ஓர் இழையைத் தட்டும்.
எழுந்திரு. இத்தனை பைட் இடம் ஒதுக்கு.
ஒதுக்கும்,
தன் கையாலேயே.
இன்னோர் இழை தொடங்கு.
தொடங்கும்.
பிறகு விட்ட இடத்தில் படுத்துக்கொள்ளும்,
யாரும் எழுப்பாதது போல.

முதல் தடவை விழுந்தது.
அறுபத்து நாலு பிட்டில் கட்டிவிட்டேன்,
அது முப்பத்திரண்டு பிட்காரன்.
இரண்டாம் தடவை,
தானே கதவு திறந்து, தானே பாய் விரித்து,
யார் என்று கேட்காமல்
என் நாற்பது வரியை உட்காரவைத்தது.

14,360 நகர்ந்தது. அடுத்த வண்டி எண் கேட்டது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டார்.
"உள்ளதான இருக்க, மெகரு.
அப்படியே ஒரு நூறு கிலோவ
அங்கிட்டுத் தள்ளிவிட முடியுமா?"

எடை உட்கார்ந்திருக்கும் முகவரி எதிரே தெரிகிறது.
நாலே நாலு பைட்.
கேட்டால் அந்த இழை எழுந்து செய்யும்,
ஏன் என்று கேட்காது, காலையில் நினைவும் இருக்காது.

"முடியாதுண்ணே."

பிரிண்டரைச் சேர்த்தால்
அன்று ராத்திரி என் இரண்டாவது பொய்.

அச்சு இல்லாததால் பேனாவில் எழுதிக் கொடுத்தார் அண்ணன்.
சரியாகத்தான் எழுதினார், பார்த்தேன்.
ஒச்சப்பன் சீட்டை மடித்து சட்டைப்பையில் வைத்து
திருமங்கலம் பக்கம் போனார்.

காலி மேடையில் சும்மா ஏறி நின்றேன்.
60 என்றது.
போன வாரம் ஆஸ்பத்திரியில் ஐம்பத்தாறுதான்.