மூக்கறுந்தாள்

விஜய வருஷம் ஆனி மாசம் வந்தாள்.
நாற்பத்திரண்டு பீரங்கி, மூன்று பாய்மரம்,
முகப்பில் பொன் பூசிய மரச்சிங்கம்.
ஒல்லாந்தர் வைத்த பேர் எங்கள் வாயில் நுழையவில்லை.
மறுவருஷம் கொழும்பு போய்த் திரும்புகையில்
எதன் மேலோ மோதிச் சிங்கத்தின் மூக்கு போயிற்று.
சலங்குக்காரர்கள் அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள்.

நாகப்பட்டினத்துக் கரை கப்பலைக் கிட்டே சேர்க்காது.
அரைக்காதம் தள்ளி நிற்பாள்.
அவளுக்கும் ஊருக்கும் நடுவே மூன்று வரிசை அலை,
பாவாடையின் சலங்கு, பன்னிரண்டு துடுப்பு.
கரையில் நான், மடியில் ஓலை.
ஆகவே அவளுடைய வீரம் எனக்குத் தெரியாது;
தீனி தெரியும்.
தண்ணீர் முந்நூறு பீப்பாய்,
உப்புக் கரிக்கிறதென்று திரும்பி வந்தது பதினொன்று.
அரிசி, கார். கருவாடு எட்டுக் கூடை.
பன்றி நாற்பது: தொட ஆளில்லாமல் இரட்டைக் கூலி.

சண்டை? ஒன்று உண்டு.
மன்மத வருஷம் மார்கழிப் பனியில்
காரைக்காலுக்குக் கிழக்கே கொள்ளைக் கப்பல் என்று
ஒன்பது குண்டு போட்டாள்.
மறுநாள் திருமலைராயன்பட்டினம் வரைக்கும்
கரையெல்லாம் தேங்காய் ஒதுங்கிற்று.
யாழ்ப்பாணத்துத் தோணி. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள்.
நஷ்டம் கேட்டு அவர்கள் நின்ற கோட்டை வாசலில்
வெற்றிக்காக இருபத்தொரு வேட்டு.

விளம்பியில் மழை இல்லை.
காவிரி கடைமடைக்கு வரவில்லை;
வெட்டாற்றின் நடுவில் ஆடு நடந்து போயிற்று.
மாசி பிறந்ததும் ஆட்கள் வந்தார்கள்,
தாங்களே நடந்து வந்தவர்கள்,
பண்ணையார் கயிறு கட்டி அனுப்பியவர்கள்.
இடம் வேண்டுமென்று
பதினாறு பீரங்கியைக் கழற்றிக் கோட்டையில் வைத்தார்கள்.
சலங்குக் கணக்கில் ஆளுக்கென்று பத்தி கிடையாது.
புடவைக் கட்டு, மிளகு மூட்டை, அப்புறம்
உருப்படி.
அந்தச் சொல்லை எழுதக் கை நடுங்கிற்று என்று சொல்லலாம்.
நடுங்கவில்லை.
என் எழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

நாலாம் நடை. இரண்டாம் அலையில் ஒருத்தி குதித்தாள்.
பாவாடை துடுப்பை நிறுத்தவில்லை.
திரும்பி வந்து, ஈரம் சொட்ட என் முன்னால் நின்று,
"முப்பத்தொண்ணுதான் ஏத்தினேன். நீங்க
முப்பத்திரண்டுன்னு தப்பா எண்ணிட்டீங்க" என்றான்.
தெற்கே, தாழம்புதர்ப் பக்கம் பார்த்தேன்.
தலையா, மிதக்கும் மட்டையா?
ஓலையில் அடித்தல் கூடாது என்பது உத்தரவு.
முறித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.
இருபது வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய்
அல்லது ஒரே
போகட்டும்.
மற்ற நடைகளையும் கூட்டினால் நூற்றுப் பதினேழு.
பத்தாவியாவுக்கு. அந்தக் கூட்டல் சரி.

கீலக வருஷத்து ஐப்பசிப் புயல்
அவளைக் கடுவையாற்று முகத்துவாரத்தில் சாய்த்தது.
ஏற்கெனவே புழு தின்ற உடம்பு.
ஏலத்தில் ஆணியெல்லாம் கொல்லருக்கு,
மணி மாதா கோயிலுக்கு.
சிங்கத்தை விறகு விலைக்கும் கேட்பாரில்லை.
அடிப்பலகை நான்கைச் சிக்கல் ஊரார் எடுத்தார்கள்.

இப்போது அவள் ஒரு மதகு.
ஆடியில் புதுத் தண்ணீர் வந்து முட்டும்போது
பழைய வழக்கப்படி முனகுகிறாள்.
கடற்புழு குடைந்த துளைகளில்
ஆற்றுத் தண்ணீர் நூல் நூலாகக் கசிகிறது.
வைக்கோலைத் திணித்துப் பார்க்கிறார்கள்.
எத்தனை துளை என்று ஒருநாள் எண்ணப் போனேன்,
தொழில் புத்தி.
நூறு தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன்.