பதினாலு நாள்

மல்லாவியில் இரவு ஒன்பதுக்குத்தான் கரண்ட் வந்தது.
கீழே ரயர் கடைக்காரர் கொம்பிரசரை நிற்பாட்டிவிட்டுப் போய்விட்டார்.
மேலே நானும்
அறுபத்துமூன்று வரி மாற்றமும்.

அனுப்பியவர் பெயர் யானிக். ஊர் தெரியாது.
எங்கே இருக்கிறாரோ,
நான் கொட்டாவி விடும் நேரத்தில்
சுறுசுறுப்பாக எழுதுகிறார்.
சிவப்பில் பதினெட்டு, பச்சையில் நாற்பத்தைந்து.
குறிப்பு சுருக்கம்:
"எந்தக் கிளையும் சுட்டாத பொருட்களைப்
பதினாலு நாள் வைத்திருக்கிறோம். வீண்.
வட்டில் இடம் போகிறது.
இனித் துப்புரவுக் கட்டளை கொடுத்த உடனேயே
அழியட்டும்."

நல்ல கை.
மாறிகளுக்குப் பெயர் ஒழுங்காக வைத்திருக்கிறார்.
நான் மூன்று வருடமாகத் தொடப் பயந்த சுற்று ஒன்றைப்
பாதியாக்கியிருக்கிறார்.
சோதனைகள் நூற்றுப் பன்னிரண்டும் பச்சை.
ஓம் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

கறுப்புத் திரையைத் திறந்தேன்.
வெறும் கோப்புறை. அதில் ஒரு கோப்பு.
கோப்பில் ஒரு வரி: புட்டும் சம்பலும்.
கொமிட். புதுக் கிளை. இன்னொரு கொமிட்.
பிறகு, நித்திரைத் தூக்கத்தில் ஆரும் செய்வதுபோல,
கிளையை அழித்தேன்.

பழைய கருவியில் துப்புரவுக்குப் பிறகும்
இலக்கத்தைச் சொன்னால் போதும்.
ஏழு, சீ, சைபர், ஈ, ஒன்பது
என்றதும் எழும்பி வரும்.

யானிக்கின் கருவியிலும் சொன்னேன்.
அப்படி ஒன்றும் இல்லை என்றது.
பிழையாக அடித்தேனோ என்று
திரும்பவும் சொன்னேன்.
அப்படி ஒன்றும் இல்லை.

துணுக்காய்க் கந்தோர் யன்னலில்
கேட்டுப் பழகிய வசனம்.

கருத்துப் பெட்டியில் எழுதத் தொடங்கினேன்.
யானிக், இரண்டாயிரத்தெட்டு ஆவணியில்
தையல் மெசினைப் பின்வளவில் தாட்டோம்.
கிறீஸ் பூசி, யூரியா பையால் சுற்றி,
தோடை மரத்திலிருந்து ஏழு அடி,
கிணற்றுக் கட்டிலிருந்து பதினொன்று.
அம்மா அந்த இரண்டு எண்ணையும்
என்னைப் பாடமாக்க வைத்தா.
உலகத்தில் ஒன்றும் அந்த இடத்தைச் சுட்டவில்லை,
நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் வாயைத் தவிர.
திரும்பி வந்தபோது தோடை இல்லை.
கிணறு இருந்தது.
ஒற்றை எண்ணை வைத்து வட்டம்தான் கீறலாம், யானிக்.
நாங்கள் வட்டத்தைக் கிண்டினோம்.

அதுவரை வாசித்துப் பார்த்தேன்.
முழுவதையும் அழித்தேன்.
பரிசீலனையில் தோடை மரத்துக்கு என்ன வேலை?
கொமிட் செய்யாததை எங்கள் கருவி
ஒரு நாள்கூட வைத்திருப்பதில்லை.

அனுப்பியது இவ்வளவும்தான்:
"முப்பத்தோராம் வரி. சுட்டுவார் இல்லை என்பதும்
தேடுவார் இல்லை என்பதும் ஒன்றல்ல.
உங்கள் மாற்றத்தில் தோற்கும் சோதனை ஒன்றை
இணைத்திருக்கிறேன்.
பதினாலு நாள் இருக்கட்டும்.
சுற்றைக் குறைத்தது அருமை,
தனியாக அனுப்பினால் இன்றைக்கே சேர்க்கிறேன்.
ஐம்பத்திரண்டாம் வரியில் ஓர் எழுத்துப் பிழை."

தகரத்தில் மயில் நடக்கிற சத்தம்.
வயர் சூடாகி மணத்தது, கழற்றிச் செருகினேன்.
பதினொன்றேகாலுக்குப் பதில் வந்தது.
"சோதனை நியாயம். திருத்துகிறேன்.
ஆனால் ஏன் பதினாலு? ஏழு காணாதா?"

நல்ல கேள்வி.
பழைய பதிவுகளைக் கிண்டிக்கொண்டு போனேன்.
பதினைந்து வருடத்துக்கு முந்தி
ஆரோ ஒருவர் போட்ட எண்.
காரணம் எழுதவில்லை. பக்கத்தில்
"தற்போதைக்கு" என்று ஒரு சொல்.

எங்களுக்கு இரண்டு வருடமும் நாலு மாதமும் பிடித்தது.
மிதிவெடி எடுக்கிற ஆட்கள்
வளவு துப்புரவு என்று தந்த துண்டு வேறு.
மெசினில் சில்லு மட்டும் சுற்றியது,
ஊசி இறங்கவில்லை.
அம்மா அதை முற்றத்தில் வைத்து
மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டா.

"தெரியாது," என்று எழுதினேன்.
"கூட்டுவதென்றால் கூட்டுங்கள்.
குறைக்க வேண்டாம்."