கொய்யாவடிச் சருகு

பங்குனி வெயில் இன்னும்
ஏழாம் நம்பர் மலையை எட்டவில்லை.
இஸ்தோப்பில் இரண்டு கோப்பை சாயத்தண்ணி.
முள்முருங்கையில் இலையே இல்லை, பூ மட்டும்.
அதில் ஒரு தேன்சிட்டு
வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

"பாடுதா, சும்மா கொட்டாவியா?"
என்று கேட்கிறார்.

பாடுகிறது.
தகரத்தில் ஊசியால் கீறுவதுபோல்
பொடிப்பொடியாக, மூச்சு விடாமல்.
இதை எப்படிச் சொல்ல?
அவர் மணிக்கட்டைப் பிடித்து
நகநுனியால் தட்டிக் காட்டுகிறேன்,
மடமடவென்று பத்துப் பன்னிரண்டு,
கொஞ்சம் பொறுத்து, மறுபடி.
"அவசரக்காரன்" என்கிறார்.

இருபத்தாறு வருஷம்
ரோலர் பக்கத்தில் நின்றவர்.
காதில் அடைக்கக் கொடுத்த பஞ்சைக்
கார்த்திகை விளக்குக்குத்
திரி திரித்தவள் நான்தான்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
எதையோ காதில் மாட்டிவிட்டு,
சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள்.
கொஞ்ச நேரம் தூக்கினார். பிறகு
கையை மடியில் வைத்துக்கொண்டு
சுவர்ப் பல்லியைப் பார்த்தபடி இருந்தார்.
தாளில் கோடு
பீலிக்கரைப் படி மாதிரி இறங்கிப் போனது.
"கீச்சுச் சத்தமெல்லாம் போயிட்டுது.
மொத்தச் சத்தம் இருக்கு" என்றாள் நர்ஸ்.

அன்றிலிருந்து
எங்கள் வாசல் குருவிகள்
இரண்டு பங்காகிவிட்டன.
வெள்ளைக்கண்ணியும் தையல்சிட்டும்
பேர் தெரியாத பொடிசுகளும் எனக்கு.
செம்போத்து அவருக்கு.
மணிப்புறா அவருக்கு.
குக்குறுவான் ஆளுக்குப் பாதி.
"வயலைப் பிரிச்ச மாதிரியில்ல இருக்கு,
ஒரு துண்டு வயலும் இல்லாத நமக்கு"
என்று சிரித்தாள் நாலாம் காம்பரா ரொசலின்.

செம்போத்து கூப்பிட்டால்
விடியுமுன்னே உலுக்கி எழுப்புவார்.
ஊம், ஊம், ஊம் என்று
யாரோ கதை கேட்பதுபோல் அது.
"கேக்குதா?"
கேக்குது, தூங்குங்க.

ஐப்பசி மழையோடு வந்தது ஆறுமணிக்குருவி.
ரோட்டுக்கடைப் பியதாச அதை
அவிச்சியா என்பான்.
பகலெல்லாம் கொய்யாவடியில்
சருகைப் புரட்டிப் புரட்டிப் புழுத் தின்னும்.
பொழுது சாய
இரட்டைச் சீட்டி அடிக்கும்.
அதைக் கேட்டுத்தான் உலை வைப்பேன்.

நேற்று அரிசி களையும்போது சொன்னேன்,
"இன்னைக்குச் சீட்டியே காணோம்."
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே,
நான் வாயசைத்ததை ஒருமுறை பார்த்துவிட்டு,
"அது போயி நாலு நாளாச்சு" என்றார்.

நாலு நாள்.
அப்படியென்றால் எதைக் கேட்டு
நாலு நாளும் உலை வைத்தேன்?
ரொசலின் வீட்டுக் குக்கர் விசிலையா?

கூட்டிப்போய்க் காட்டினார்.
கொய்யாவடியில் சருகு
காற்று போட்டபடியே கிடந்தது.
ஒன்றுகூடப் புரளவில்லை.
மேலே புதிதாய் விழுந்த மூன்று இலை,
ஒரு பிஞ்சு, பிஞ்சைச் சுற்றி எறும்பு.
"ஞாயித்துக்கிழம வரைக்கும்
இந்த எடமெல்லாம் கெளறியிருந்துச்சு.
இங்க. இந்தா, இங்க."
கணக்கப்பிள்ளைபோல்
விரலை நீட்டி நீட்டிச் சொன்னார்.

கடலைத் தாண்டிப் போகுமாம்,
அந்தக் குட்டை வாலை வைத்துக்கொண்டு.
இராத்திரியில்தான் கிளம்புமாம்.
சொல்லிக்கொள்ளாமல் போனதற்கு
எனக்குக் கோபம், சின்னப்பிள்ளைக் கோபம்.
ராத்திரிச் சோறு குழைந்துபோனது.

இப்போது
சவுக்கு மரத்தில் குக்குறுவான்
தொடங்கிவிட்டது. எந்த மரமென்று
அவர்தான் கண்டுபிடித்தார்,
பச்சைக்குள் பச்சையாய் ஒரு தலை
ஆடி ஆடி நிற்பதை.
மணிக்கட்டைத் தானாகவே நீட்டுகிறார்.
தட்டுகிறேன்.
சாயத்தண்ணி ஆறிவிட்டது,
பிரட்டுக்கு நேரமாகிவிட்டது,
ரொசலின் கூடையோடு படியில் நின்று
என்னைப் பார்க்கிறாள், கையைப் பார்க்கிறாள்.

"நின்னுருச்சா?"

இல்ல, இன்னும் இல்ல.
ஒரு கையால் தலைத்துண்டை இழுத்துவிட்டு
மறு கையால்
தட்டிக்கொண்டிருக்கிறேன்.